பிரேக் இல்லாத வண்டிக்கு இவ்வளவு மவுசு ஏன்? பழைய ஃபிளாட் டிராக் பைக்குகளும் அவற்றின் சந்தையும்

ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. ஸ்டார்ட் செய்ய கிக்கரும் இல்லை, செல்ஃபும் இல்லை. முன் சக்கரத்தில் பிரேக்கே இல்லை. சாலையில் இறக்க அனுமதியும் இல்லை. இப்படிப்பட்ட ஐம்பது வருடப் பழைய பைக் ஒன்று அமெரிக்காவில் விலைக்கு வந்தால், பல பத்தாயிரம் டாலர் கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அது ஹார்லி-டேவிட்சன் எக்ஸ்ஆர் 750 ஆக இருந்து, பெயர் பெற்ற வீரர் ஒருவர் ஓட்டியது என்பதற்கு ஆதாரமும் இருந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும்.

மண் பாதையில் ஓடிய ஃபிளாட் டிராக் பந்தய வண்டிகளின் சந்தை இது. பழைய கார், பழைய புல்லட் சந்தையைப் போலத்தான் இதுவும் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். உள்ளே போனால் கணக்கு வேறு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி இங்கே மிக அபூர்வம்; அப்படி ஒன்று இருந்தால் அது பந்தயத்தில் அதிகம் ஓடாத வண்டி என்று பொருள். எஞ்சின் ஒருவர் செய்தது, ஃபிரேம் இன்னொருவர் செய்தது, சக்கரம் மூன்றாமவர் செய்தது. எல்லாவற்றையும் ஒரு ஷெட்டில் வைத்துக் கோத்தவர் நான்காமவர். இந்த வண்டிகளை வாங்குவதிலும் விற்பதிலும் உள்ள ஈர்ப்பு, சிக்கல் இரண்டுமே இங்கிருந்துதான் வருகின்றன. இதன் வேர் 1930-களில் எழுதப்பட்ட பந்தய விதிகளில் இருக்கிறது.

முதலில் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் மாநில, மாவட்டப் பொருட்காட்சித் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்காகப் போட்ட மண் பாதைகள் உண்டு. நீள்வட்டமான அந்தப் பாதைகளில்தான் இந்த விளையாட்டு வளர்ந்தது. ஒரு மைல் பாதை, அரை மைல் பாதை, அதைவிடச் சின்ன ஷார்ட் டிராக், அப்புறம் வலது திருப்பமும் ஒரு மேடும் கொண்ட டி.டி. என்று நான்கு வகை. டி.டி.யைத் தவிர மற்றவற்றில் இடது பக்கத் திருப்பம் மட்டும்தான். இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு, டூக்வாய்ன், கலிபோர்னியாவின் சான் ஹொசே, சாக்ரமெண்டோ ஆகிய ஊர்களின் மைல் பாதைகள் புகழ்பெற்றவை. 1946 முதல் 1953 வரை ஸ்பிரிங்ஃபீல்டு மைலில் ஜெயித்தவரே அந்த ஆண்டின் தேசிய சாம்பியன். 1954-லிருந்துதான் பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டிச் சாம்பியனை முடிவு செய்யும் வழக்கம் வந்தது.

மைல் பாதையின் நேர்ப்பகுதியில் வண்டி மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் திருப்பத்துக்குள் நுழையும்போது ஓட்டுபவர் வண்டியை இடது பக்கம் சாய்த்து, பின் சக்கரத்தை வெளிப்பக்கமாக வழுக்க விடுகிறார். ஹாண்டில்பார் வலது பக்கம் திரும்பியிருக்கும், வண்டியோ இடது பக்கம் போகும். பக்கவாட்டில் வழுக்கும் பின் டயர்தான் வேகத்தைக் குறைக்கிறது. 1960-களின் இறுதி வரை பின் பிரேக் வைக்கவும் விதி இடம் கொடுக்கவில்லை. நீள்வட்டப் பாதைகளில் முன் பிரேக் இன்றுவரை கிடையாது. பத்துப் பதினைந்து பேர் கையெட்டும் தூரத்தில் இப்படி வழுக்கிக்கொண்டு போகும்போது ஒருவர் பிரேக் அடித்தால் பின்னால் வருபவர் கதி என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த விதியின் நியாயம் கொஞ்சம் புரியும்.

இடது காலைத் தரையில் ஊன்றி வண்டியைத் தாங்க வேண்டியிருப்பதால், இடது பூட்ஸின் அடியில் இரும்பு லாடம் மாட்டிக்கொள்வார்கள். இரும்புத் தகட்டைப் பூட்ஸின் அடிப்பாகத்துக்குப் பொருத்தமாக வளைத்து, தேயும் இடத்தில் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றி, மேலே ஒரு பட்டையால் கட்டுவார்கள். கலிபோர்னியாவின் கொரோனா ஊரில் கென் மேலி என்பவர் இதற்கே பேர்போனவர். பல தலைமுறை வீரர்கள் தங்கள் பூட்ஸை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து அளவெடுத்து லாடம் செய்துகொண்டார்கள். இன்று பழைய வண்டிகள் கைமாறும் இடத்தில் இந்த லாடங்களும் கைமாறுகின்றன. ஓரம் கத்தி போலத் தேய்ந்துபோன ஒரு லாடத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு, இந்த விளையாட்டில் உடம்பு எங்கே நின்றது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வண்டியைச் செய்தால் அதில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்தான். எஞ்சின், அதைச் சுற்றி மெல்லிய குழாய்களால் ஆன ஃபிரேம், முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரங்கள், சின்ன டேங்க், ஃபைபர் கிளாஸில் வார்த்த சீட், அகலமான ஹாண்டில்பார், நம்பர் பிளேட். அலங்காரத்துக்கென்று ஒன்றுமே இல்லை. இருப்பதெல்லாம் வேலைக்காக இருக்கிறது. ஆனாலும் மோட்டார்சைக்கிள் வடிவமைப்பில் இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை. உலகம் முழுக்க இன்று 'டிராக்கர்' பாணியில் சாலை வண்டிகளை மாற்றிக் கட்டுகிறவர்கள் நகலெடுப்பது இந்த உருவத்தைத்தான். பார்த்த உடனே பிடித்துப்போய், அதற்காகவே ஒன்றை வாங்கி வரவேற்பறையில் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. அதில் தப்பும் இல்லை.

சரி, விதிகளுக்கு வருவோம். 1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க மோட்டார்சைக்கிள் தொழிலே படுத்துவிட்டது. 1931-ல் எக்செல்சியர் மூடப்பட்ட பிறகு பெரிய கம்பெனிகளில் எஞ்சியவை ஹார்லியும் இந்தியனும் மட்டும். பந்தயத்துக்கென்றே தனி எஞ்சின் செய்து, சம்பளத்துக்கு வீரர்களை வைத்து ஓட்டும் வசதி இரண்டுக்கும் இல்லை. அந்தச் சூழலில் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமான ஏ.எம்.ஏ. 'கிளாஸ் சி' என்ற பிரிவைக் கொண்டுவந்தது. கடையில் யாரும் வாங்கக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும், பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஓட வேண்டும். தொடக்க விதிகளின்படி வண்டி ஓட்டுபவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். பலர் அந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு பந்தயத் திடலுக்கு வந்து, லைட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டியில் இறங்கினார்கள். வால்வு சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வு எஞ்சினுக்கு 750 சிசி வரையும், வால்வு மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு எஞ்சினுக்கு 500 சிசி வரையும் அனுமதி.

இந்த விதியால் பந்தய வண்டி என்பது தொழிற்சாலையின் பூட்டிய அறைக்குள் இருக்கும் பொருளாக இல்லாமல், காசு கொடுத்து வாங்கி விற்கிற சரக்காகவே பிறந்தது. சீசன் முடிந்ததும் வண்டியை விற்று, அந்தப் பணத்தில் அடுத்த சீசனுக்கு வண்டி வாங்குவது ஓட்டுபவர்களுக்கு வாடிக்கை. மேல்நிலை வீரர் கழித்த எஞ்சின் கீழ்நிலை வீரருக்குப் போகும், அவரிடமிருந்து உள்ளூர்ப் பந்தயக்காரருக்குப் போகும். இன்று சேகரிப்பாளர்கள் செய்வது அந்தப் பழைய வியாபாரத்தின் தொடர்ச்சி என்றுதான் நான் பார்க்கிறேன். அந்த வண்டிகளின் பந்தயக் காலம் முடிந்துவிட்டது, கைமாறுவது நிற்கவில்லை.

ஹார்லி 1941-ல் டபிள்யூஆர், 1952-ல் கேஆர் என்று சைடு வால்வு பந்தய வண்டிகளைக் கொண்டுவந்தது. மண் பாதை கேஆரில் பின் சஸ்பென்ஷன் கிடையாது. பின் சக்கரம் ஃபிரேமில் நேராகப் பிணைக்கப்பட்டிருக்கும். எதிரே பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார், டிரையம்ஃப் ஆகிய பிரிட்டிஷ் வண்டிகள். 1951 முதல் 1953 வரை இந்தியனில் பாபி ஹில், பில் டூமன், எர்னி பெக்மன் மூவரும் ஹார்லிக்குப் பெரும் தொல்லை கொடுத்தார்கள். அதோடு பழைய இந்தியனின் கதை முடிந்தது. கேஆர் மட்டும் 1969 வரை தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு மெர்ட் லாவில் அதில்தான் சாம்பியன் ஆனார்.

அதே 1969-ல் விதி மாறியது. வால்வு எங்கே இருந்தாலும் சரி, மண் பாதையில் எல்லோருக்கும் 750 சிசி. ஹார்லியின் சைடு வால்வு எஞ்சினுக்கு இருந்த சலுகை போய்விட்டது. பந்தயப் பிரிவின் தலைவர் டிக் ஓ'பிரையன் அவசரமாக ஹார்லியின் சாலை வண்டியான ஸ்போர்ட்ஸ்டரின் எஞ்சினை அடிப்படையாக வைத்து 1970-ல் முதல் எக்ஸ்ஆர் 750-ஐக் கொண்டுவந்தார். வார்ப்பிரும்பு சிலிண்டர், வார்ப்பிரும்பு ஹெட். நாலு சுற்று ஓடினால் சூடு தாங்காது. அந்த ஆண்டு டிரையம்ஃபில் ஜீன் ரொமேரோவும் அடுத்த ஆண்டு பிஎஸ்ஏ-வில் டிக் மேனும் சாம்பியன் ஆனார்கள். 1972-ல் சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியத்துக்கு மாறி, துளை அகலமாகி, ஸ்ட்ரோக் குறைந்து புதிய எஞ்சின் வந்தது. இரண்டு கார்புரேட்டரும் வலது பக்கம், இரண்டு சைலன்சர் குழாயும் இடது பக்கம் மேலேறிப் போகும். அந்த ஆண்டே மார்க் பிரெல்ஸ்ஃபோர்டு அதில் சாம்பியன். அதற்குப் பிறகு சில பத்தாண்டுகளுக்கு அமெரிக்க மண் பாதை பெரும்பாலும் இந்த எஞ்சினுடையதுதான். ஜே ஸ்பிரிங்ஸ்டீன் 1976 முதல் 1978 வரை மூன்று பட்டம், ஸ்காட் பார்க்கர் ஒன்பது பட்டம். இடையில் 1984 முதல் 1987 வரை ஹோண்டா ஆர்எஸ் 750 நான்கு பட்டங்களைத் தட்டிக்கொண்டு போனது.

வாங்குபவர்களின் பார்வையில் இந்த இரண்டு எக்ஸ்ஆரும் இரண்டு விதம். இரும்பு எஞ்சின் வண்டி பந்தயத்தில் தோற்ற வண்டி. ஆனால் விதிப்படி அனுமதி வாங்க 200 வண்டிகள் செய்தாக வேண்டும் என்பதால் தொழிற்சாலை அவற்றை முழு வண்டியாகச் செய்தது. அதிகம் ஓடாததாலும், ஓடிய வரை பாகங்கள் மாறாததாலும், பிறந்த கோலத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் இதில்தான் வாய்ப்பு அதிகம். அலுமினிய வண்டி ஜெயித்த வண்டி. ஜெயிப்பதற்காக அதை வெட்டி, ஒட்டி, துளைத்து, மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிற்காலத்தில் ஹார்லியும் முழு வண்டி விற்பதை விட்டுவிட்டு எஞ்சினாகவும் உதிரிபாகமாகவும் விற்றது. மற்றதை வாங்குபவரே வெளியில் செய்துகொள்ள வேண்டும்.

வெளியில் செய்துகொடுத்தவர்கள் சின்னப் பட்டறைக்காரர்கள். டக் ஷ்வெர்மாவின் சாம்பியன், ரே ஹென்ஸ்லியின் டிராக்மாஸ்டர், சி அண்டு ஜே, ரெட்லைன், நைட் என்று ஃபிரேம் செய்தவர்களின் பெயர்கள் இந்த உலகத்தில் எஞ்சின் கம்பெனிகளுக்குச் சமமாக மதிக்கப்படுகின்றன. குரோம்-மாலி எஃகுக் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, நிக்கல் பூச்சுப் போட்ட ஒரு சாம்பியன் ஃபிரேமில் யமஹா 650 இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை 750-ஆகப் பெருக்கி உட்காரவைத்த வண்டி 1970-களின் முக்கியமான காட்சி. கென்னி ராபர்ட்ஸ் 1973, 1974 பட்டங்களை வென்ற காலத்தில் மண்ணில் ஓட்டியது இந்த யமஹா இரட்டைச் சிலிண்டர் வகையைத்தான். டிராக்மாஸ்டர் ஃபிரேமில் டிரையம்ஃப் எஞ்சின் இன்னொரு காட்சி. பற்றவைப்பின் தையலைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் ஊரில் பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கப் போனால் முதலில் கேட்பது ஆர்.சி. புக். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதில் உள்ளபடியே இருந்தால் பாதி பயம் போய்விடும். ஃபிளாட் டிராக் வண்டிக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. சாலைக்கே வராத வண்டிக்குப் பதிவு எதற்கு? பட்டறையில் செய்த ஃபிரேம்களில் பலவற்றில் எண்ணே இருக்காது. எஞ்சினின் கீழ்ப்பகுதிக் கூடான கிராங்க்கேஸ் உடைந்தால் எண் குத்தாத புதுக் கேஸ் வாங்கி மாற்றிவிடுவார்கள். அதில் பழைய எண்ணைக் குத்தியவர்களும் உண்டு, குத்தாமல் விட்டவர்களும் உண்டு.

அதைவிடப் பெரிய கேள்வி, இன்ன பந்தயத்தில் ஜெயித்த வண்டி என்று எதைச் சொல்வது? ஒரு பெரிய வீரரின் வேனில் இரண்டு மூன்று ஃபிரேம்களும் அதற்கு மேல் எஞ்சின்களும் இருக்கும். மைல் பாதைக்கு ஒரு எஞ்சின், அரை மைலுக்கு இன்னொன்று. சனிக்கிழமை ஜெயித்த எஞ்சின் அடுத்த வாரம் வேறு ஃபிரேமில் இருக்கும். ஃபிரேம் கீறல் விட்டால் வெட்டி வேறு குழாய் வைப்பார்கள், அல்லது தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆக, இது ஸ்பிரிங்ஸ்டீன் ஓட்டியது என்று ஒரு வண்டியைக் காட்டினால், எந்தப் பாகத்தை, எந்த ஆண்டு, எந்தப் பாதையில் என்று கேட்பதுதான் முறை. நேர்மையான விற்பனையாளர் கேட்கும் முன்பே இதைப் பிரித்துச் சொல்லிவிடுவார். எஞ்சினுக்கு அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்த டியூனர் கொடுத்த கடிதம் இருக்கிறது, ஃபிரேம் அதே காலத்தது, ஆனால் அந்த வீரருடையது என்று நிரூபிக்க முடியாது, டேங்கும் சீட்டும் புதிதாக வார்த்தவை. இப்படிச் சொன்னால் விலை குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த உலகம் சின்னது. அந்த வண்டியைத் திடலில் நேரில் பார்த்த மெக்கானிக்குகள், புகைப்படக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொய் அதிக நாள் தாங்காது.

காகிதம் இல்லாத இடத்தில் வண்டியே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சாட்சியைப் படிப்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. நம்பர் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விதிப்படி மேல்நிலை வீரருக்கு வெள்ளைப் பிளேட், அதற்குக் கீழே உள்ள நிலைக்கு மஞ்சள். வெள்ளைப் பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் மஞ்சள் தெரிந்தால், இந்த வண்டியில்தான் ஒருவர் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறினார் என்று யூகிக்கலாம். எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருந்தால் அது வீரரின் வட்டாரத்தைக் காட்டும். எழுத்தில்லாத ஒன்று, இரண்டு இலக்க எண் என்றால் தேசிய அளவில் இடம்பிடித்தவர். போல்ட்டுகளில் பாதுகாப்புக் கம்பி கோக்கத் துளைத்த துளைகள், டேங்கின் வலது பக்கம் முட்டி அழுத்திய பள்ளம், கீழே விழுந்து வளைந்து நிமிர்த்திய ஃபுட்ரெஸ்ட், மறுபடி பற்றவைத்த ஸ்டியரிங் ஹெட். ஒவ்வொன்றும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். 1974-ல் எடுத்த படத்தில் உள்ள அதே சொட்டை அதே இடத்தில் இருந்தால், அதற்கு எந்த ஆர்.சி. புக்கும் ஈடாகாது.

அப்படியானால் இந்தத் தழும்புகளை என்ன செய்வது? பளபளவென்று புதிதாக்கினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், சாட்சி அழிந்துவிடும். ஒரு காலத்தில் ரீஸ்டோர் செய்வது என்றாலே பழைய பெயிண்டைச் சுரண்டி எறிவதுதான். இப்படி எத்தனையோ வண்டிகளின் வரலாறு மணல்வீச்சில் போய்விட்டது. இப்போது சேகரிப்பாளர்களின் ருசி மாறியிருக்கிறது. கடைசிப் பந்தயம் முடிந்து வேனில் ஏற்றியபடியே இருக்கும் வண்டிக்கு மதிப்பு கூடியிருக்கிறது. என் கட்சியும் அதுதான். ஆனால் ஓட்ட வேண்டும் என்று வாங்குபவரிடம் இதை முழுவதுமாகச் சொல்ல முடியாது. ஐம்பது வருடப் பழைய ஃபிரேமில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஃபைபர் கிளாஸ் டேங்க் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் இளகிப்போகும். மக்னீசியம் பாகங்கள் காற்றின் ஈரத்திலேயே அரித்துவிடும். பலர் கண்டுபிடித்திருக்கும் வழி, ஓட்டும் நாளில் புதிய டேங்கும் புதிய சக்கரமும் மாட்டிக்கொண்டு, பழையதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைப்பது. விற்கும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஓட்டுவது என்றால் சும்மா சாவியைத் திருகுவது இல்லை. எக்ஸ்ஆரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டும், அல்லது பின் சக்கரத்தைச் சுழலும் உருளைகள் மேல் வைத்துச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவே மாட்டார்கள். உள்ளே வால்வுகளைத் திறக்கும் நான்கு கேம்கள், ஒவ்வொன்றும் தன் பல்சக்கரத்தோடு. அந்தப் பற்களின் இடைவெளியைச் சரியாக அமைப்பது தனி வித்தை. பந்தயத்தில் ஓடும் எஞ்சினை அடிக்கடி முழுவதுமாகப் பிரித்துக் கோக்க வேண்டும். அதனால்தான் எஞ்சினை யார் கட்டினார் என்பது விலையில் பெரிய பங்கு வகிக்கிறது. ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் பார்க்கருக்கும் எஞ்சின் கட்டிய பில் வெர்னர், கலிபோர்னியாவில் ஹெட்டின் காற்றுப் பாதைகளைச் செதுக்கிய ஜெரி பிராஞ்ச் போன்றவர்களின் கை பட்டது என்றால் அது ஓவியத்தில் உள்ள கையெழுத்துக்குச் சமம்.

கைமாறும் கதைகளில் மிகப் பெரியது 1975 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் மைலில் நடந்தது. ஹார்லியின் வேகத்துக்கு யமஹா இரட்டைச் சிலிண்டர் ஈடுகொடுக்க முடியாத நிலையில், தார்ப்பாதைப் பந்தயத்துக்கான நான்கு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் யமஹா டிஇசட் (TZ) 750 எஞ்சினை மண் பாதை ஃபிரேமில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கென்னி ராபர்ட்ஸ் பின்னாலிருந்து ஏறி வந்து, கடைசிச் சுற்றின் கோட்டருகே ஹார்லிகளில் போன கார்க்கி கீனரையும் ஸ்பிரிங்ஸ்டீனையும் தாண்டி ஜெயித்தார். நேர்ப்பகுதியிலேயே பின் டயர் சுழன்று வழுக்கிய வண்டி அது. விரைவிலேயே ஏ.எம்.ஏ. அந்த வகை எஞ்சின்களுக்குத் தடை போட்டது. 2009-ல் அதே திடலில் ராபர்ட்ஸ் மறுபடி அந்த வகை வண்டியில் சில சுற்றுகள் ஓட்டியபோது, அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அப்படிச் செய்த வண்டிகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. ஆனால் நகல்கள் நிறைய. நகல் செய்வது குற்றமில்லை, நகல் என்று சொல்லி விற்றால்.

எல்லோரும் எக்ஸ்ஆர் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டியதில்லை. ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனி 1970-களில் அமெரிக்க ஷார்ட் டிராக்குக்கென்றே செய்த ஆஸ்ட்ரோ என்ற வண்டி, 250 சிசி, 360 சிசி என்று வந்தது. ஒற்றைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், எடையும் குறைவு. இதே காலத்தில் ஓசா எஞ்சினுக்கு டிக் மேன் வடிவமைத்த ஃபிரேமும் உண்டு. யமஹா எக்ஸ்எஸ் 650 எஞ்சின் லட்சக்கணக்கில் வந்ததால் இன்றும் பாகம் கிடைக்கிறது. சாம்பியன் அல்லது அதன் நகலான ஃபிரேமில் ஒன்றைக் கட்டினால் எக்ஸ்ஆரின் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் இங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். ஓட்டுவதற்கு இடமும் இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான ஏ.எச்.ஆர்.எம்.ஏ. அமைப்பு வண்டிகளின் வயதுவாரியாகப் பிரிவு வைத்து மண் பாதைப் பந்தயங்கள் நடத்துகிறது.

விற்கும் இடங்களில் எனக்குப் பிடித்தது ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட். செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின வாரயிறுதியில் அங்கே பழைய மோட்டார்சைக்கிள் சந்தை கூடும். பகலில் தரையில் துணி விரித்துக் கார்புரேட்டர், மேக்னெட்டோ, ஸ்ப்ராக்கெட் விற்பார்கள். அதே பொருட்காட்சித் திடலின் அரை மைல் பாதையில் பழைய வண்டிகளின் பந்தயமும் நடக்கும். வாங்க நினைக்கும் வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாம். ஜனவரியில் லாஸ் வேகாஸில் மீகம் நிறுவனம் நடத்தும் ஏலம் இதற்கு நேர்மாறு: விளக்கு வெளிச்சம், மேடை, சில நிமிடங்களில் முடிவு. பெரிய பெயர் கொண்ட, ஆவணம் உள்ள வண்டிக்கு ஏலம் சரி. நாலு பட்டறையில் பிறந்து பத்துக் கை மாறிய வண்டிக்கு அது பொருந்தாது. அந்தக் கதையைச் சொல்ல மேடையில் நேரம் கிடைக்காது. அப்படிப்பட்டவை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம் தெரிந்தவருக்கே போகின்றன. விற்பவருக்கும் அதில் ஒரு நிம்மதி. வண்டி எங்கே போகிறது, ஓடுமா நிற்குமா என்று தெரிந்து கொடுக்கலாம்.

இப்போது சந்தைக்கு வருகிற சரக்கு கூடிக்கொண்டிருக்கிறது. 1970-களில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பந்தயங்களைப் பார்த்த இளைஞர்களே பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் ஆனார்கள். அவர்களுக்கு இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. ஐயோவாவின் அனமோசாவில் இருந்த தேசிய மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகம் 2023-ல் மூடப்பட்டு, அதன் சேகரிப்பு ஏலத்துக்குப் போனது. இளவயது ஏக்கம் ஒன்றையே நம்பி ஏறிய விலைகள் இனி தளரும் என்பது என் கணிப்பு. ஆதாரத்தோடு இருப்பவையும், ஓடும் நிலையில் இருப்பவையும் நிற்கும்.

விளையாட்டும் உயிரோடுதான் இருக்கிறது. 2017-ல் மறுபிறவி எடுத்த இந்தியன் கம்பெனியின் எஃப்டிஆர் 750 வந்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. 2020-ல் நம் சென்னைக்கும் இதில் ஓர் இடம் கிடைத்தது. இங்கே செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு 650 இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் செய்த ஃபிரேமில் வைத்து, ஜானி லூயிஸ் அமெரிக்க ஃபிளாட் டிராக்கின் தயாரிப்பு இரட்டைச் சிலிண்டர் பிரிவில் ஓட்டினார். கடையில் விற்கும் எஞ்சின், வெளியே செய்த ஃபிரேம். 1970-களின் சாம்பியன்-யமஹா கூட்டணியின் அதே சூத்திரம். இன்னும் முப்பது வருடத்தில் இந்த வண்டிகளும் விலைக்கு வரும். அப்போதும் வாங்குபவர் எந்த எஞ்சின், எந்த ஃபிரேம், எந்தப் பந்தயம் என்றுதான் கேட்பார்.

வாங்கப் போகிறவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பந்தயக்காரர்கள், டியூனர்களின் ஷெட்டில் வண்டியோடு பெரும்பாலும் ஒரு பெட்டியும் இருக்கும். வேறு வேறு பல் எண்ணிக்கையில் ஸ்ப்ராக்கெட்டுகள், கார்புரேட்டர் ஜெட்டுகள், ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பாதையில், மண் ஈரமா காய்ச்சலா, பின்னால் எத்தனைப் பல், எந்த ஜெட், எத்தனையாவதாக வந்தோம் என்று பென்சிலில் எழுதிவைத்திருப்பார்கள். வீட்டைக் காலிசெய்யும்போது குடும்பத்தினர் வண்டியை விற்றுவிட்டு இந்தப் பெட்டியைக் குப்பை என்று எறிவது அடிக்கடி நடக்கிறது. வண்டியைப் பார்க்கப் போகும்போதே பெட்டியையும் கேட்டுவிடுங்கள். அதற்குத் தனி விலை சொன்னாலும் கொடுத்து வாங்கிவிடுவது நல்லது.